கண்ணால் அளந்த சத்தம்

இருபத்திரண்டு வருடமாக அவருடைய பிழைப்பு கார்களின் அடிவயிற்றில். ஓட்டை விழுந்த சைலன்சரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் பற்றவைப்பார். தெருவுக்கே அவர் 'வெல்டர்'தான்; மனைவியும் போனில் அப்படியே பதிந்து வைத்திருக்கிறார். "கார் உறுமணும்" என்று வருபவர்களை, "புலி வாங்கி வளர்த்துக்கோ, போ" என்று துரத்திவிடுவார்.

அப்படிப்பட்டவரின் கைவேலை சொந்தத் தங்கையையே மாட்டிவிட்டது. அவள் பதினாறு வருடப் பழைய காரை வாடகைக்கு ஓட்டுகிறாள். அந்த மாடலுக்குக் கம்பெனி சைலன்சர் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதனால் துருப்பிடிக்காத எஃகில் அவரே செய்து பொருத்தினார். தங்கையாயிற்றே என்று தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினார்.

போக்குவரத்து அலுவலகத்தின் வருடச் சோதனையில் அதிகாரி குனிந்து பார்த்தார். பழைய காருக்கு அடியில் அது மட்டும் பளபளத்தது. "ரேஸ் குழாய்" என்று சொல்லி ஃபெயில் போட்டுவிட்டார். அன்று மாலையோடு அவளுடைய வாடகை உரிமம் முடிகிறது; தேறினால்தான் புதுப்பிப்பார்கள்.

போன் போட்டாள். "அண்ணா, உன்னை யாரு பாலிஷ் போடச் சொன்னது? அது என்ன கல்யாணப் பொண்ணா?"

வெல்டர் கிரீஸ் சட்டையோடு வந்து நின்றார். "சார், சத்தமே வராது. கேட்டுப் பாருங்க."

"கேட்க என்னய்யா இருக்கு? பார்த்தாலே தெரியுது."

சத்தத்தைப் பார்த்தே அறியும் கண்! சற்றுமுன் அதே கண்ணெதிரே விலையுயர்ந்த கார் ஒன்று, ஜன்னலெல்லாம் அதிரத் தேறி வெளியே போனது. அதன் குழாயில் கம்பெனி முத்திரை இருந்ததாம். முத்திரை குத்திவிட்டால் இரைச்சல் இசையாகிவிடுமா?

வெல்டர் சுவரில் ஒட்டியிருந்த விதிகளை உரக்கப் படித்தார். மாற்றிய குழாயின் சத்தத்தை மீட்டரால் அளக்க வேண்டும். புகை வடிகட்டியைக் கழற்றியிருக்கக் கூடாது. "பளபளப்புன்னு எங்க சார் போட்டிருக்கு?"

சோதனைக்குக் காத்திருந்த வண்டிக்காரர்களின் வரிசை சிரித்தது.

"மீட்டர்ல பேட்டரி இல்லைய்யா."

தங்கை எதிர்க்கடைக்கு ஓடி வாங்கி வந்தாள்.

குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி மீட்டரைப் பிடித்து என்ஜினை முறுக்கினார்கள். எல்லை தொண்ணூறு டெசிபல், முள் எண்பத்து நான்கைத் தாண்டவில்லை. வடிகட்டியும் இருந்த இடத்தில் இருந்தது. அதிகாரி தான் எழுதியதை அடித்தார்.

"ஆனா குழாயை மாத்தினா வண்டிப் புத்தகத்துல பதியணும். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லை. பற்றவைத்ததோடு தன் வேலை முடிந்தது என்றே இருந்துவிட்டார். முகம் சுருங்கி, படிவத்தை வாங்கித் தங்கையிடம் கொடுத்தார். அவள் நிரப்பினாள், உரிமம் கிடைத்தது.

"ஏறுண்ணா, கடையில விட்டுடறேன்."

கதவைத் திறந்தவரின் தோளை வரிசையில் நின்ற வேன்காரர் ஒருவர் தொட்டார். "அண்ணே, எனக்கும் கண்ணால பார்த்துத்தான் ஃபெயில் போட்டாரு."

வெல்டர் காரின் கதவை மூடினார். "நீ போம்மா, சவாரியைப் பாரு."

பிறகு அதிகாரியின் அறை ஜன்னலை நோக்கிக் குரல் கொடுத்தார்: "சார், மீட்டரை உள்ள வெச்சுடாதீங்க!"