எங்கள் ஒரு வீட்டுக்காக ஓடிய பட்டியல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வைட்ஃபீல்ட் ஃப்ளாட்டுக்கு ஒருவர் வந்தார். ஊரின் மறுகோடியான ஹெப்பகோடியிலிருந்து, மூன்று மெட்ரோ ரயில் மாறி. எதற்கு? எங்களிடம் அனுமதி கேட்க.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. டி.வி. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதில் ‘மீடியா சென்டர்’ என்று ஒரு சாஃப்ட்வேரைப் போட்டார். வீட்டிலிருக்கும் படமெல்லாம் போஸ்டரோடு திரையில் வரிசையாக நிற்கும். எந்த சேனலில் எத்தனை மணிக்கு என்ன என்று பட்டியல் வரும். ஒரு பட்டனைத் தட்டினால் சீரியலைத் தானே ரெக்கார்ட் பண்ணி வைக்கும். சனிக்கிழமை ஆனால் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். காபி போட்டே நான் ஓய்ந்து போனேன்.

இத்தனையும் எழுதியது எந்தக் கம்பெனியும் இல்லை. எங்கெங்கோ இருப்பவர்கள், தங்கள் வேலை போக மீதி நேரத்தில், சும்மா எழுதிக் கொடுத்தது. இன்றைக்கும் நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அப்புறம் ஸ்மார்ட் டி.வி. வந்தது. ஓ.டி.டி. வந்தது. நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நாலு வருஷமாக நாங்களும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொடவில்லை.

போன வாரம் ஒரு மெயில். “சார், மீடியா சென்டரில் தமிழ், கன்னட சேனல்களுக்கு நிகழ்ச்சிப் பட்டியல் போடுவது நான்தான். உங்களிடம் ஒரு விஷயம் நேரில் கேட்க வேண்டும்.”

வீட்டுக்காரர் ஷோகேஸுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பெட்டியில் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்திருக்கிறார் மனிதர். நாலு வருஷம்...

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கே.ஜி.எஃப். தங்கவயல் தமிழர், இங்கே ஃபேக்டரியில் வேலை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

“முன்னாடி நிறைய வீடு இருந்தது மேடம். ஒவ்வொண்ணா போயிடுச்சு. கடைசியா ஒண்ணே ஒண்ணு மட்டும் தினம் காலைல பட்டியலை எடுத்துட்டே இருந்தது. பதிவு பண்ணப்ப கொடுத்த ஏரியா, மெயிலைப் பார்த்தா உங்க வீடு.”

அந்த ஒரு வீட்டுக்காக, தினமும் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சேனல் சேனலாகத் தேடி, கையாலேயே டைப் அடித்திருக்கிறார்.

“இப்ப குழந்தை பொறந்திருக்கு சார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சு. காலைல அந்த ஒரு மணி நேரம்தான் அதோட இருக்க முடியும். சொல்லாம நிறுத்தினா நல்லாருக்காது... நிறுத்திக்கட்டுமா?”

என் வீட்டுக்காரர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வெட்கம் பிடுங்கித் தின்றதோ என்னவோ — “ஐயோ, நாங்க தினமும் அதைத்தான் பார்க்கறோம் சார். அது இல்லாம எங்களுக்குப் பொழுதே போகாது” என்று ஒரு பொய்யை விட்டார். பாராட்டுகிறாராம்.

வந்தவர் முகம் விழுந்துவிட்டது. “அப்படியா சார்... சரி, எப்படியாவது சமாளிச்சுக்கறேன்” என்று எழுந்தேவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? “உட்காருங்க. இவர் பொய் சொல்றார். நாலு வருஷமா நாங்க அதைப் பார்க்கவே இல்ல. அணைக்க மறந்துட்டோம், அவ்வளவுதான். நீங்க போய் குழந்தையைப் பாருங்க.”

வந்தவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“பர்வாயில்ல மேடம்” என்றார் மெதுவாக. “ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கட்டுமா? டி.வி.ல எப்படி வருதுன்னு நான் பார்த்ததே இல்ல. எங்க வீட்ல இந்த வசதி கிடையாது.”

டி.வி.யில் இணைத்தோம். அன்று வரையிலான ஒரு வாரத்துப் பட்டியல் பளிச்சென்று வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழே தமிழில் ஒரு வரி. ஒரு சீரியலுக்கு: “இன்றும் மருமகள் அழுவார். நாளைக்குப் பார்த்தால் போதும்.” சமையல் நிகழ்ச்சிக்கு: “உப்பு போட மறந்துவிட்டார்கள், நீங்கள் மறக்காதீர்கள்.” பழைய பக்கங்களும் அழியாமல் இருந்தன. பொங்கலன்று ஒரு படத்துக்குக் கீழே: “படம் சுமார்தான். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். வைட்ஃபீல்ட் வீட்டாருக்குப் பொங்கல் வாழ்த்துகள்.”

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். யாரென்றே தெரியாத எங்கள் மேல் இத்தனை பிரியமா?

அவர் பார்த்து முடித்தார். எங்கள் இருவருக்கும் கை கூப்பிவிட்டு, குழந்தை காத்திருக்கும் என்று கிளம்பிப் போனார்.

மறுநாள் காலையில், பல் கூடத் தேய்க்காமல், நான் அந்தப் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். திங்கள்கிழமைப் பட்டியலில், அவர் முன்பே போட்டு வைத்திருந்த நிகழ்ச்சிப் பெயர்கள் மட்டும் இருந்தன. கீழே, அன்றன்று காலையில் அவர் எழுதும் அந்த ஒரு வரி இல்லை. எனக்குச் சுருக்கென்றது — நாலு வருஷம் திரும்பிப் பார்க்காதவளுக்கு!