முதலில் அக்காவின் காதில்

அக்காவின் நினைவு மலருக்காகப் போளூர் அச்சகத்தில் என் பெயரை முன்கூட்டியே அச்சுக் கோத்து, அதன் கீழே மூன்று பக்கங்களைக் காலியாக விட்டிருப்பதாக அக்காவின் மூத்த மகன் வந்து சொன்னான். அன்றிலிருந்து எனக்கு விக்கல். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்த்த வாத்தியாருக்கு இது வேண்டியதுதான்.

கருமாதி அன்று நான்கு வார்த்தை பேச எழுந்து, "அக்கா" என்று மட்டும் சொல்லி, விக்கிக்கொண்டே உட்கார்ந்தவன் நான் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று ஆறுதல் சொன்னீர்கள். அது பாதி உண்மை. மீதியை ஓராண்டு கழித்து இந்த மலரில் ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா பிறந்தது ஜவ்வாது மலையில், படவேட்டுக்கு இறங்கும் பாதைக்கு மேலே, இருபது வீடுகள் கொண்ட எங்கள் ஊரில். அப்பாவுக்குச் சாமை விளையும் சரிவு நிலமும் ஆறு புளியமரங்களும் இருந்தன. அக்கா தலைப்பிள்ளை, நான்கு ஆண்டு கழித்து நான். அம்மா காட்டு வேலைக்குப் போய்விடுவதால் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் அக்கா வளர்ந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஊருக்கு ஓராசிரியர் பள்ளி வந்தபோது, அங்கேயும் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார்.

ஒரே அறை, ஐந்து பாய், ஐந்து வகுப்பு. வாத்தியார் திங்கட்கிழமை போளூரிலிருந்து மலையேறி வருவார். ஏறி வந்த மூச்சு புதன்கிழமைதான் அடங்கும். அதுவரை பிரம்புதான் பேசும். கேள்வி கேட்ட கணமே பதில் வந்தாக வேண்டும்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் என் பெயரைக் கூப்பிட்டதும் பதில் இருக்கும் இடத்தில் விக்கல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் இரண்டாம் வகுப்புப் பாயில் இருந்த ஒரு திங்கட்கிழமை வாத்தியார் கேட்டார்: "மூவெட்டு எவ்வளவுடா?"

நான், "விக்" என்றேன்.

"என்னடா, கேலி பண்றியா?"

மறுபடியும், "விக்."

பிரம்பு மேலே போனது. ஐந்தாம் வகுப்புப் பாயிலிருந்து அக்கா எழுந்தார். "ஐயா, அவன் மொதல்ல என்கிட்ட சொல்லட்டும்ங்க. நான் உங்ககிட்ட சொல்றேன்."

"நீ சொன்னா அது உனக்குத் தெரிஞ்சதா, அவனுக்குத் தெரிஞ்சதா?"

"நான் காதை மட்டும்தான் குடுப்பேன்ங்க. வாயைப் பொத்திக்கிறேன்."

கேட்காமல் எழுந்ததற்காக அக்காவின் உள்ளங்கையில் இரண்டு அடி விழுந்தது. அதன் பிறகே அனுமதி. அடிபட்ட கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அக்கா என் முன்னால் குனிந்தார். அந்தக் காதைப் பார்த்ததும் விக்கல் போன இடம் தெரியவில்லை. "இருவத்து நாலு" என்றேன். ரகசியமாகத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க ரகசியம் போளூர் வரைக்கும் கேக்குது. உக்காருங்க" என்றார் வாத்தியார்.

அந்த ஆண்டு முழுக்க என் பதில்கள் எல்லாம் அந்தக் காது வழியாகத்தான் வாத்தியாருக்குப் போய்ச் சேர்ந்தன.

ஐந்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. மேலே படிக்கப் போளூரில் விடுதியில் தங்க வேண்டும்; பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. என் முறை வந்தபோது என்னை அனுப்பினார். என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்து அடிவாரம் வரை கொண்டுவந்து விட்டவர் அக்காதான். திரும்பும்போது, "எனக்கும் சேத்துப் படிடா" என்றார். விடுதிச் சுவரில் காரை பெயர்ந்த ஓர் இடத்தை அக்காவின் காதாக வைத்துக்கொண்டு நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். பயிற்சிப் பள்ளியிலும் அதேபோல ஒரு சுவரைக் கண்டுபிடித்தேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து போன முதல் வாத்தியார். அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரிலிருந்து இரண்டு மணி நேர நடையில் பள்ளி. முதல் நாள், சுண்ணக்கட்டியை எடுத்துத் திரும்பினேன். முப்பது பிள்ளைகள், அறுபது கண்கள். "விக்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "தண்ணி குடிச்சிட்டு வர்றேன், உக்காந்திருங்க" என்று வெளியே வந்தேன். வந்தவன் நடந்துகொண்டே இருந்தேன்.

களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்தார். என் கையில் சுண்ணக்கட்டி அப்படியே இருந்தது.

"இன்னாடா, பள்ளிக்கூடம் வுட்டாச்சா?"

"தண்ணி குடிக்க வந்தேன்க்கா."

"ரெண்டு மலைக்கு நடுவுல தண்ணியே இல்லியா?"

நடந்ததைச் சொன்னேன். வேலையே வேண்டாம், சாமை தூற்றுகிறேன் என்றேன். அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "நீ படிச்சதுல பாதி என்னுதுடா. உம்பாட்டுக்கு அதை வுட்டுட்டு வர்றதுக்கு நீ யாரு?" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அவரே கேட்டார்: "அந்தப் பசங்கள்ல உன்ன மாதிரி விக்கறது எத்தினி இருக்கும்?"

"தெரியலக்கா."

"போயிப் பாரு. எல்லாரும் உன்கிட்டயே எதுக்குப் பதில் சொல்லணும்? மொதல்ல பக்கத்துல இருக்கறதுங்க காதுல சொல்லட்டும்."

மறுநாள் விடியலில் அக்காவே என்னைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விட்டார். வெளியூர்ச் சந்தைக்கு மாட்டை ஓட்டிப் போவதைப் போல, பின்னாலேயே நடந்து வந்தார். உள்ளே நுழைந்ததும் முன்வரிசையில் இருந்த பச்சையம்மாள் கேட்டாள்: "சார், தண்ணி குடிச்சிட்டீங்களா?" முந்தைய நாள் ஆடு மாடு திரும்பும் வரை பிள்ளைகள் உட்கார்ந்தே இருந்தார்களாம்.

அன்று முதல் என் வகுப்பில் அதுவே வழக்கம். கேள்வி கேட்பேன், ஒவ்வொருவரும் பக்கத்துப் பிள்ளையின் காதில் பதிலைச் சொல்ல வேண்டும், பிறகே எனக்கு. நான்கு மாதத்தில் வாயே திறக்காத பிள்ளைகள் என்னைப் பேசவிடாத நிலை வந்தது.

அப்போதுதான் பள்ளி ஆய்வு அதிகாரி வந்தார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஜீப் பாதி மலையில் நின்றுவிட, மீதியை நடந்து வந்த கோபம் அவர் முகத்தில் இருந்தது. உள்ளே முப்பது வாய்களும் முப்பது காதுகளில் வேலை செய்துகொண்டிருந்தன.

"இது பள்ளிக்கூடமா, செங்கம் சந்தையா? யார் சொல்லிக்கொடுத்த முறை இது?"

நான், "விக்" என்றேன்.

அவர் குறிப்பேட்டைத் திறந்தார். நான் மனத்துக்குள் முறத்தைத் தேடினேன். பச்சையம்மாள் எழுந்து நின்றாள்.

"ஐயா, எங்க சாரு மொதல்ல என்கிட்ட சொல்லட்டும்ங்க. நான் உங்ககிட்ட சொல்றேன்."

என் பழைய கதையைப் பிள்ளைகளிடம் நான் சொன்னதே இல்லை. குனிந்து அவள் காதில் சொன்னேன். அவள் நிமிர்ந்தாள். "அவங்க அக்கா சொல்லிக் குடுத்துச்சாம்ங்க."

"அக்கா எங்கே பயிற்சி எடுத்தவங்க?"

மறுபடியும் குனிந்தேன்.

"அஞ்சாவதுங்க" என்றாள் பச்சையம்மாள்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு பதிவேட்டில் ஒரே வரி எழுதினார்: "பிள்ளைகள் பேசுகிறார்கள்." அது பாராட்டா குறையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வேலை நிலைத்தது.

சனிக்கிழமை அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எழுந்து நின்னுச்சே, அந்தப் பொண்ணுக்கு அடி வுழுந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்ப சரி" என்று சாமை புடைக்கப் போய்விட்டார்.

மழை பொய்த்த ஆண்டுகளில் கிழங்கு தோண்டி நான்கு பிள்ளைகளை வளர்த்ததையும், ஊரில் எந்த வீட்டுப் பிரசவத்துக்கும் விடிவதற்குள் போய் நின்றதையும் மற்றவர்கள் இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள். கடைசி நாட்களை மட்டும் நான் சொல்கிறேன். வேலூர் மருத்துவமனையில் அக்காவுக்கு மூச்சே பெரும்பாடாக இருந்தது. மருத்துவர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். எங்கே வலி, எப்போதிருந்து என்று அடுக்கிக்கொண்டே போனார். அக்கா வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நான் குனிந்தேன்.

"வூட்டுக்குப் போலாம்னு சொல்லுடா."

நிமிர்ந்து மருத்துவரிடம் சொன்னேன். ஒரு சொல்லும் தடுமாறவில்லை, விக்கல் வரவில்லை. வந்திருக்கலாமோ என்று பிறகு பலமுறை நினைத்தேன்.

அக்காவை டோலியில் மாற்றி மாற்றிச் சுமந்து மலை இறக்கி, மறுபடி ஏற்றிய ஊர் இளைஞர்களுக்கும், அடிவாரம் வரை திரும்பி வர மறுபேச்சில்லாமல் தம் லாரியை அனுப்பிய வாணியம்பாடிப் புளி வியாபாரி பாய்க்கும், கடைசி மூன்று வாரம் தன் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து கஞ்சி ஊட்டிய என் பழைய மாணவி பச்சையம்மாளுக்கும், வந்து நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது ஒருவர் காதில் சொல்லியாக வேண்டும் அல்லவா. அக்காவின் வீட்டுக்குப் போய் மாமாவிடம் படித்துக் காட்டினேன். மாமாவுக்கு இப்போது காது மந்தம். கத்திப் படித்ததில் தெருவே வந்து நின்றது. நான் படித்து முடிக்கும் வரை மாமா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு கையை எடுத்தார்.

"அவதான்" என்றார். "குடுத்துடு."