பெரிய பண்ணைக்கு முதல் வண்டி

மன்னார்குடி நெடுஞ்செழியனைப் போலப் பிறப்புரிமையை வெறுப்பவர் கிடைப்பது அரிது. "பொறப்பால யாருக்கும் எதுவும் வராது" என்பார், மேடைதோறும். அறுவடை வண்டிகளை வாடகைக்கு விடும் தொழில் மட்டும் அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அது விதிவிலக்கு.

கணினி படித்தவர் ஆதலால் முன்பதிவுக்கு ஒரு செயலி எழுதினார். அதிலும் பரம்பரைதான். 'வண்டி' என்று ஒரு பேரன்ட் கிளாஸ், அதாவது பெற்றவர்; டயர் வண்டி, பெல்ட் வண்டி எல்லாம் அதன் பிள்ளைகள். பெற்றவரிடம் ஒருமுறை எழுதினால் போதும், பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேரும். பிள்ளை வேறு மாதிரி நடக்க வேண்டுமென்றால் பிள்ளையிடம் தனியாக எழுத வேண்டும். பெற்றவரிடம் அவர் எழுதியது அப்பாவின் வழக்கத்தை: நிலம் அதிகம் உள்ளவருக்கு முதல் வண்டி.

தோழர்கள் கேலி செய்யவே, "இனிமே முதல்ல பதிஞ்சவங்களுக்குத்தான் முதல் வண்டி" என்று மேடையில் அறிவித்தார். கைதட்டல். மாற்றியதோ டயர் வண்டியில் மட்டும். பெற்றவரிடம் கைவைக்க மனம் வரவில்லை.

சிறு விவசாயி அம்சத்தின் வயல் பள்ளம்; அந்த ஈரத்தில் பெல்ட் வண்டிதான் இறங்கும். முதலில் பதிந்தவர் அவர். செயலியோ பெரிய பண்ணைக்கார ரெத்தினத்தை முன்னே தள்ளியது. மேகம் திரண்டதும் அம்சம் நேரில் வந்தார்.

"ஏன் தம்பி, மேடையில நான் முன்னாடி, வயல்ல ரெத்தினம் முன்னாடியா? சாஞ்ச கதிரு, மழை பேஞ்சா மொளச்சிரும்."

"நான் செஞ்சதில்லக்கா. மேலேருந்து தானா எறங்குது."

"எல்லாரும் அப்படித்தான சொல்றீங்க! மேல இருக்கறத அழிங்க."

"அதுல கை வச்சா எல்லா வண்டியும் மாறிடும்க்கா."

"மாறட்டுமே! அதுக்குத்தான மைக்கு புடிச்சீங்க?"

நெடுஞ்செழியன் தலையைச் சொறிந்தார். பிறகு பெல்ட் வண்டியிலும் தனியாக ஒரு வரி எழுதினார். பெற்றவர் பத்திரம்.

அன்று மாலையே அறுவடை முடிந்தது. நெல் கரையேறியது. மழையும் ரெண்டு நாள் பொறுத்தது. மாட்டுக்கு வேண்டிய வைக்கோல் வயலில் காய்ந்தது. அதைக் கட்ட, நெடுஞ்செழியன் புதிதாக வாங்கிச் செயலியில் 'வண்டி'யின் இன்னொரு பிள்ளையாகச் சேர்த்திருந்த கட்டு இயந்திரத்தை அம்சம் பதிந்தார். முன்னால் நின்றது ரெத்தினத்தின் பேர்.

போன் பறந்தது. "தம்பி, இப்பப் பொறந்த புள்ளையும் உங்கப்பா மாதிரியே இருக்கே!"

"சின்னப் புள்ளதானேக்கா, சொல்லிக் குடுத்துடறேன்."

"சீக்கிரம் சொல்லுங்க. இங்க தூத்தல் போட்டாச்சு."