இடிக்கல்லைக் கோடாலி என்றவர்

இன்று புதுச்சத்திரத்தில் கரியில் ஓடும் பஸ்ஸை விட்டு இறங்கிய சர்க்கார் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் நேராக என் தோட்டத்துக்கே வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் நான் மஞ்சள் பூசிக் கும்பிடும், இடியோடு வானத்திலிருந்து விழுந்த இடிக்கல்லைக் கையில் தூக்கிக்கொண்டு, "இது ஆதிமனுசன் தீட்டின கோடாலிங்க. மியூசியத்துக்குக் குடுத்துருங்க" என்கிறார்.

படித்த மூஞ்சியைப் பாருங்கள்! அந்த இடி விழுந்தபோது நான் பக்கத்தில் நின்றவன். கல் விடிய விடியக் கொதித்தது.

"கோடாலின்னா வெட்டிக் காட்டுங்க, குடுத்தர்றேன்" என்றேன்.

மனுசன் முருங்கைக் கொப்பில் ஓங்கிப் போட்டார். கொப்பு முறிந்து விழுந்தது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஊரே என் வாயைப் பார்த்தது.

"ஏனுங்க, இடி பனமரத்தையே பொளக்குது, முருங்கை எம்மாத்தரம்? இடிக்கல்லுதான்னு நீங்களே காட்டிப்போட்டீங்களே!"

கல்லை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

இதற்குச் சம்பளம் வேறு! உங்கள் காட்டில் இடிக்கல் கிடந்தால் எனக்கு எழுதுங்கள், சாமி. கண்ணாடி போடாமலே பார்த்துச் சொல்கிறேன்.