நானே சுற்றிக் கொடுத்த சார்ஜர்

என் வாய்க்கொழுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவனுக்கு, கரண்டில் ஓடுகிற ஒரு சாமானைக் கடையில் போய் வாங்குவது என்றாலே மானக்கேடு. ஸ்டெபிலைசர், ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கிற எலிமினேட்டர் என்று என் வீட்டில் இருந்த எல்லாம் நானே சுற்றியதுதான். எங்கள் தெருவில் இருந்த லேத்துக்காரர், மோல்டிங்காரர் எல்லாருக்கும் இதே வியாதி. எதைக் காட்டினாலும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத நாமளே செஞ்சுபோடலாமுங்களே" என்போம். பெரும்பாலும் செய்தும் விடுவோம். அந்தத் திமிரில்தான் என் சித்தப்பா மகளின் பிழைப்பைக் கெடுத்தேன்.

தொண்ணூற்றாறோ, ஏழோ. சித்தப்பாவுக்கு இருகூர்ப் பக்கம் தோட்டம். ஒரே பெண். குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள். ஆனால் கம்ப்யூட்டரில் அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே. பீளமேட்டில் காலேஜ் பையன்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துத் தருகிற ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சித்தப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவார். தண்ணி பாய்ச்சுகிற நாள், அறுவடை நாள் எல்லாம் அவளுக்கு லீவு. தினமும் வருவதாக இருந்தால் வா, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

கணபதியில் ஒரு பட்டறைக்காரர் பேட்டரியில் ஓடுகிற மூணு சக்கர வண்டி செய்து தருகிறார் என்று கண்டுபிடித்து வந்தது அவள்தான். பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல் அடம் பிடித்து அப்பனைச் சம்மதிக்க வைத்தாள். சித்தப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"ஒரு நாள் நடுரோட்டுல நின்னுதுன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கோட சரி அம்மணி. அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது."

"நிக்காதுங்கப்பா" என்றாள் அவள்.

வண்டி வந்துவிட்டது. சார்ஜர் மட்டும் தனியாக வாங்க வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு பேட்டரிக் கடைக்கு நான்தான் போனேன். மெட்ராஸில் இருந்து வந்த சார்ஜர் ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். வோல்டேஜ் குறைந்தால் திருப்பி வைக்க ஒரு குமிழ், பேட்டரி நிறைந்ததும் எரிய ஒரு பச்சை லைட். தோட்டத்து லைன் என்றால் இதுதான் சரிப்படும் என்று அந்த மனுஷன் சொல்லத்தான் செய்தார்.

நான் சிரித்தேன். "உள்ள இருக்கறது ஒரு டிரான்ஸ்பார்மரு, நாலு டயோடு. இதுக்கு மெட்ராசுக்குப் போகோணுமாக்கும்?"

"அதுல பச்சை லைட்டு இருக்குதுங்கண்ணா. நெறஞ்சுதான்னு தெரியுமுங்க" என்றாள் தயங்கித் தயங்கி.

"அட, கடியாரம் பாக்கத் தெரியுமல்லோ உனக்கு? எட்டு மணி நேரம் போடு, போதும்."

சரியென்று தலையாட்டினாள். அண்ணன் தொழில்காரன், அவனுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பாள். இரண்டே நாளில் சுற்றி, தகரப் பெட்டியில் அடைத்து, ஒரு சிவப்பு பல்பும் வைத்துக் கொடுத்தேன். பட்டறையில் சோதித்தபோது பேட்டரி ஜம்மென்று ஏறியது.

இரண்டு மாதம் ராணி மாதிரி போய் வந்தாள். என் பட்டறை வழியாகத்தான் போவாள். தூரத்திலேயே ஹாரன் அடிப்பாள். நானும் கை காட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவனிடம், "சார்ஜர் நம்ம கைவேலை" என்பேன்.

அப்புறம் அந்தச் சனியன் பிடித்த செவ்வாய்க்கிழமை. ரயில்வே கேட் மேட்டில் ஏறும்போது வண்டி திணறி நின்றுவிட்டது. பின்னால் பஸ், லாரி எல்லாம் ஹாரன் அடிக்க, யாரோ இரண்டு பேர் ஓரமாகத் தள்ளி விட்டிருக்கிறார்கள். டீக்கடையில் இருந்து எனக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவும் வந்துவிட்டார். சுற்றிலும் கூட்டம். அவள் தலையைக் குனிந்துகொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரி காலி.

"சார்ஜ் போட்டியா?"

"போட்டனுங்கண்ணா. எட்டு மணி நேரம் முழுசாப் போட்டனுங்க. லைட்டுதான் ஒரு வாரமா மங்கலா எரிஞ்சுதுங்க."

மங்கலா. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த வாரத்தில் இருந்துதான் அவர்கள் லைனில், கிணற்று மோட்டார் ஓட்டுகிற மூணு பேஸ் கரண்டை ராத்திரி முறைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வட்டாரத்துக் கிணற்று மோட்டார் அத்தனையும் ராத்திரி ஒன்றாக ஓடும். வோல்டேஜ் பாதாளத்துக்குப் போகும். என் சார்ஜரை எட்டு மணி நேரம் என்ன, விடிய விடியப் போட்டாலும் அதில் பேட்டரி நிறையாது. இது எனக்குத் தெரியாததா? லோ வோல்டேஜில் கருகின மோட்டாரைப் பிரித்துக் கட்டித்தானே நான் சோறு தின்றேன்? அந்த வாரமே என் பட்டறையில் அப்படி நாலு மோட்டார் கிடந்தது. டவுன் லைனில் வைத்து சார்ஜரைச் சோதித்தவனுக்கு, அது ஓடப்போவது தோட்டத்தில் என்பது மண்டையில் ஏறவில்லை.

"ஏப்பா, என்னதான் ஆச்சு?" என்றார் சித்தப்பா.

கூட்டத்தில் எனக்குத் தெரிந்த லேத்துக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களைப் பார்த்தேன். பார்த்துத் தொலைத்தேன்.

"பிளக்கு லூசா இருந்திருக்குமுங்க சித்தப்பா. பாப்பா சரியாச் சொருகியிருக்காது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. யோசித்தாள்.

"இருக்குமுங்க" என்றாள்.

சித்தப்பா திட்டக்கூட இல்லை. அவளைத் தூக்கி அம்பாசிடர் டாக்ஸியில் உட்கார வைத்தார். வண்டி டெம்போவில் தோட்டத்துக்குப் போய் மாடு கட்டுகிற சாளையில் நின்றது. கொஞ்ச நாளில் பேட்டரியைக் கழற்றி டிராக்டருக்கு மாட்டிக்கொண்டார்கள். ஜெராக்ஸ் கடையில் வேறு பெண் வந்துவிட்டாள்.

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம், பொங்கல் நோம்பிக்குப் போகும்போது சொல்லிவிடலாம் என்று ஒரு வருஷத்தை ஓட்டினேன். கருகின காயில் வாடை அடிக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்த பார்வைதான் கண்ணில் நிற்கும். நான் கோழைப்பயல், வேறென்ன சொல்ல. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் கொட்டினேன். கொஞ்ச தூரத்தில் அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

"உடு கண்ணு" என்றார் சித்தப்பா. "அதுவும் நல்லதுக்குத்தான். ரோட்டுல என்னேரமும் லாரியா ஓடுது. இப்பத்தான் எனக்கு நிம்மதி."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவளைத் தாண்டிப் போகும்போதுதான் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா."

நின்றேன்.

"இன்னொரு தடவ உட்டுப் பாருங்கப்பான்னு கேக்கோணும்னு எத்தனையோ நாளு வாய் வரைக்கும் வந்துதுங்க. தப்பு என் பேர்ல இருக்கறப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறதுன்னுதான் கேக்காமயே இருந்துட்டனுங்க."