மூடிக்குள் இருந்த பென்சில் எழுத்து

எங்கள் அபார்ட்மென்ட் ஆட்கள் வார இறுதியில் கோவிலுக்குப் போவார்கள், காய்கறி வாங்கப் போவார்கள், சிலர் கோல்ஃப் பழகுவதாகச் சொல்லிக்கொள்வார்கள். மகாதேவன் அண்ணா மட்டும் செத்துப்போனவர்களின் கராஜுக்குப் போவார். அவர்கள் விட்டுப்போன சாமான்களை வீட்டார் விற்பதற்கு எஸ்டேட் சேல் என்று பெயர். அங்கே பழைய டிவி தொடர் ஒன்றின் சாமான்களைத் தேடுவார். அறுபதுகளின் நடுவில் இரண்டு சீசன் ஓடி நின்றுபோன விண்வெளித் தொடர் அது. பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. எனக்கே அவரால்தான் தெரியும்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அவர் டெக்சாஸில் இருக்கும் இந்த இர்விங்குக்கு வந்தது தொண்ணூற்றெட்டில். அவர் மனைவி வசந்தாமணி அக்காவுக்கு விசா கிடைக்க இரண்டு வருடம் இழுத்தது. அதுவரை சனிக்கிழமை மதியங்களில் அந்தத் தொடரின் மறுஒளிபரப்புதான் அவருக்குத் துணை. "அந்த கேப்டன் பேசறதப் பாத்துத்தான் நாகமணி, நான் இங்கிலீஷே பேசக் கத்துக்கிட்டேன்" என்பார். அதனால்தானோ என்னவோ, டேட்டாபேஸ் படுத்துவிட்டது என்பதைக்கூட வேற்றுக்கிரகத்தில் காலடி வைத்தவர் மாதிரி அறிவிப்பார். ஆபீஸில் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அவர் தேடிச் சேர்த்ததில் உருப்படியானவை இரண்டு. ஒன்று, ஓர் எபிசோடின் ஸ்கிரிப்ட். இன்னொன்று, அதில் வரும் கைப்பெட்டி. ஸ்கிரிப்டைத் திருத்தும்போது திருத்தத்துக்கு ஒரு நிறமாகக் காகிதம் மாற்றுவார்களாம். வெள்ளைப் பக்கத்தில் எட்டுக்கால் மிருகம் ஒன்று குகையிலிருந்து பாய்கிறது. ஷூட்டிங் நாளுக்குள் மிருகத்தைத் தைத்து முடிக்க முடியவில்லை. ஆகவே பிங்க் பக்கத்தில் மிருகம் வரவே வராது. கேப்டன் கையில் ஒரு பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தும், எல்லோரும் இருட்டைப் பார்த்துப் பயப்படுவார்கள். அவ்வளவுதான் காட்சி.

அந்தப் பெட்டியை ஒரே பகலில் செய்து கொடுத்தவர் வால்டர் ஹெய்ன்ஸ் என்ற தச்சர். சோப்பு டப்பா, ரேடியோ திருகு, சமையலறை டைமர், மேலே வெள்ளி பெயின்ட். மூடி மட்டும் வார்னிஷ் அடித்த மரம். அதன் உள்பக்கம் பென்சிலில் தன் பெயரையும், 'பிங்க், பக்கம் 31' என்றும் எழுதியிருந்தார். தொடரின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் ஒரு இடத்திலும் கிடையாது. அதை அவர்தான் செய்தார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பென்சில் எழுத்து.

வால்டரின் மகள் ரூத். எழுபத்திரண்டு வயது. அண்ணா மூன்று வருடம் தேடி அவளைக் கண்டுபிடித்தபோது, நாற்பது நிமிட தூரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில்தான் இருந்தாள். டிவியில் வந்த பெட்டியை என் அப்பா செய்தார் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வருகிறாள். பள்ளியில் நம்பவில்லை, கட்டிய கணவனும் நம்பவில்லை. அண்ணா அந்த மூடியைத் திறந்து காட்டிய நாளில் அவள் அழுத அழுகை இருக்கிறதே, நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

போன வருடம் கலிபோர்னியாவில் ஒரு மியூசியம் பழைய டிவி சாமான்களை வைத்துக் கண்காட்சி போடுவதாக அறிவித்தது. அண்ணா மூடியின் போட்டோவோடு எழுதினார். போட்டோ மட்டும் போதாது, எழுத்து எப்போது எழுதியது என்று போட்டோவில் தெரியாது, பெட்டியையே அனுப்புங்கள், சோதித்துப் பார்த்துத் திருப்தியானால் செய்தவர் பெயரைப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் போடுகிறோம் என்று பதில் வந்தது. ரூத் அதை நர்ஸ், சமையல்காரர், தரை துடைக்கிறவர் என்று ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

பெட்டியை அனுப்ப நான்கு நாள் இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. லேப்டாப், கார் சாவி, புல் வெட்டும் மெஷின் எல்லாம் பொட்டோடு உட்கார்ந்திருந்தன.

"ஏனுங்க, அதையும் வெச்சுக் கும்பிட்ருங்க. நல்லபடியா போய்ச் சேரட்டும்" என்றார் அக்கா.

"வெளிய வெச்சா பெயின்ட் கெட்ரும் வசந்தா. உள்ள, ஓரமா ஒரு பொட்டு வெச்சுக்கறேன்."

படித்தவர், ஜாக்கிரதைக்காரர், என்ன ஒரு யோசனை! பன்னீரில் குழைத்த சந்தனம். ஓரமாகத்தான் வைத்தார். மூடியைச் சாத்தி, பெட்டியைச் சாமி படத்தின் மேல் செங்குத்தாகச் சாய்த்து வைத்தார். மறுநாள் விஜயதசமிக்குத் திறந்தால், சந்தனம் வழிந்து எழுத்தின் மேலேயே காய்ந்திருந்தது.  பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மெல்ல மெல்ல ஒற்றி எடுத்தார். சந்தனம் வந்தது. வார்னிஷ் மேல் இருந்த பென்சிலும் கூடவே வந்தது.

நான் போனபோது அந்தப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பஞ்சு சாம்பல் நிறமாக இருந்தது.

மியூசியத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். போனை எடுத்த பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு, "நீங்கள் தொடாமல் அப்படியே அனுப்பியிருந்தால் சந்தனத்தை மட்டும் நாங்கள் எடுத்திருப்போம்" என்றாள். இப்போது அங்கே இருப்பது துடைத்த தடம் மட்டும்தான், அதை நம்பிப் பெயர் போட முடியாது, ஆனாலும் பெட்டியை வைக்க ஆசைப்படுகிறோம் என்றாள். ரூத்துக்காக அதாவது நடக்கட்டும் என்று அண்ணா அனுப்பினார். இதில் யாரைத் திட்டுவது? அவரைத் திட்டத்தான் எனக்கு வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ரூத்திடம் சொல்ல நாலு மாதம் அவருக்கு வாய் வரவில்லை. கண்காட்சி திறந்ததும் பெட்டியின் போட்டோவும் அட்டையின் நகலும் தபாலில் வந்தன. "நீங்க டிரைவ் பண்ணுங்க நாகமணி, இன்னிக்கு என்னால ஆகாது" என்றார். போனோம்.

ரூத் பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையைச் சத்தமாகப் படித்தாள். "கையடக்கக் கருவி. செய்தவர்: தெரியவில்லை. கொடுத்து உதவியவர்: மகாதேவன் பழனிசாமி, டெக்சாஸ்." திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அண்ணா எல்லாவற்றையும் சொன்னார். பூஜை, சந்தனம், பஞ்சு. சொல்லி முடிக்கும்போது அவர் குரலில் கேப்டன் கீப்டன் யாருமே இல்லை. ரூத் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

அப்போது மாத்திரை கொடுக்க நர்ஸ் வந்தாள். "அட, வந்துவிட்டதா? உங்கள் அப்பா பெயர் எங்கே?" என்று அட்டையை வாங்கித் தேடினாள்.

ரூத் விரலை நீட்டி அண்ணாவைக் காட்டினாள். "இவர் பார்த்திருக்கிறார்."

"ஆமாம், பார்த்தேன். இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்" என்றார் அண்ணா.

நர்ஸ் வயதானவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பை ரூத்திடம் சிரித்தாள். அதையே அவரிடமும் சிரித்துவிட்டு, மாத்திரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.