முன்வாசல் பெட்டியும் பின்னறைப் பெட்டியும்

தெருவுக்கே இன்டர்நெட்டை அறுத்துவிட்டு, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரையும் தனியே விட்டுவிட்டு அந்த லாரி டிரைவரின் பெண்டாட்டி வேலைக்குக் கிளம்பிப் போனாளாம். சொன்னவள் எதிர்வீட்டுத் தையல்காரி. அவள் வீட்டுக்கு நெட் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா? லாரி டிரைவரின் பெண்டாட்டிதான், கேட்டவர்களுக்கெல்லாம் தன் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லி வைத்திருந்தாள். ஓசியில் இரண்டு வருஷம் நாடகம் பார்த்த வாய்தான் இப்போது பேசுகிறது.

நடந்தது முழுதும் மாமியாருக்குத் தெரியும். இடுப்பெலும்பு முறிந்து பின்னறைக் கட்டிலில் கிடந்தவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை?

மருமகள் ஒரு காலத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். மாமியார் விழுந்த அன்று அதை விட்டாள். மூன்று வருஷம் கழித்து அதே கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை வந்து சேர்ந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். புருஷன் மாதத்தில் மூன்று வாரம் லாரியோடு போய்விடுகிறவன். மத்தியானம் வந்து உடம்பு துடைத்துச் சோறு கொடுக்க ஓர் ஆயாவைப் பேசியாயிற்று. மீதி நேரத்துக்கு ஒரு கண் வேண்டுமே. அதற்குத்தான் கேமரா வாங்கினாள். எங்கிருந்தும் போனில் பார்க்கலாம், அதிலேயே பேசலாம்.

மாமியார் முறுக்கிக்கொண்டாள். “நான் என்ன பேங்க் லாக்கரா, கேமரா வெச்சுக் காவல் காக்க?” துணி மாற்றும்போது அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது என்று பேசி முடித்த பிறகுதான் சம்மதித்தாள், அதுவும் அரைமனதாக.

நெட் கம்பெனி கொடுத்த வைஃபை பெட்டி முன்வாசலில் இருந்தது. இரண்டு கற்சுவர் தாண்டி அதன் சிக்னல் பின்னறைக்கு எட்டவில்லை. லைன் அது வழியாகத்தான் வருகிறது என்பதால் கழற்றவும் முடியாது. மருமகள் சொந்தமாக ஒரு ரவுட்டர் பெட்டி வாங்கி, வயர் இழுத்து, கட்டிலோர அலமாரியில் வைத்தாள். படம் பளிச்சென்று வந்தது, அவள் வீட்டுக்குள் இருக்கும்வரை. தெருமுனைக்குப் போனால் போன் கறுத்துவிட்டது.

போனாள், வந்தாள். ஒரே நாளில் பதினேழு தடவை. போனை முறைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்கிறவளைப் பார்த்தால் சும்மா விடுவார்களா? யாருக்கோ காத்து நிற்கிறாள் என்றார்கள். நின்றாள்தான், மாமியார் முகத்துக்காக.

கம்பெனிக்குப் போன் செய்தால், வெளி ரவுட்டருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வைத்துவிட்டார்கள். அவள் கட்டில் காலில் சாய்ந்து, போனில் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நிமிர்ந்தாள்.

“ரெண்டு பெட்டியும் வாட்ச்மேன் வேலை பாக்குது, அத்தை. நான் வெளியில இருந்து உங்களைத் தேடி வந்தா, ‘அப்படி யாரும் இங்க இல்லை’ன்னு வாசல்ல இருக்கிறவன் திருப்பி அனுப்பிடறான். உங்களைத் தெரிஞ்சவன் இந்த அலமாரியில இருக்கான்.”

“அப்ப வாசல்காரனை வேலையை விட்டுத் தூக்கு.”

“தூக்க முடியாது. வெறும் கதவா மாத்தலாம். பிரிட்ஜுன்னு ஒரு செட்டிங் இருக்கு.”

மாற்றினாள். முன்வாசல் பெட்டியில் வைஃபை விளக்கு அணைந்தது. தையல்காரி வீட்டு நாடகம் நின்றது அந்த நிமிஷத்தில்தான். இவள் வீட்டிலும் எல்லாம் நின்றது. அலமாரி ரவுட்டர் சிவப்பாக முழித்துக்கொண்டு, சனிக்கிழமை முழுக்க அசையவில்லை. மருமகள் சாப்பிடவில்லை. வேலை போயிற்று என்றே மாமியார் முடிவு கட்டினாள்.

ஞாயிறு காலையில்தான் மருமகளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் கம்பெனியிடம் வீட்டின் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் சொல்லி லைன் வாங்கியது வாசல் பெட்டி. இனி அலமாரிக்காரன்தான் சொல்ல வேண்டும். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? லைன் கொடுத்த அன்று வந்த தாளை வீடு முழுக்கத் தேடினாள். மாமியார் மெதுவாகத் தன் மருந்து டப்பாக்களை நகர்த்தினாள். கறை படியாமலிருக்க இரண்டு வருஷமாக அடியில் விரித்திருந்தது அந்தத் தாள்தான். இருமல் மருந்துக் கறைக்கு நடுவே எழுத்துகள் தப்பியிருந்தன.

ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மாமியார் அந்த விரல்களையே பார்த்தாள். மூன்று வருஷமாகத் தன்னைப் புரட்டிப் படுக்கவைத்த கை, எங்கோ இருக்கும் கம்பெனியோடு பேசி, கண்ணுக்குத் தெரியாத வாசலைத் திறந்துவிட்டது. இத்தனை பெரிய ஆளா தன் கட்டிலோரம் பாயில் படுத்திருந்தாள்?

அலமாரி ரவுட்டரின் புதுப் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கவில்லை என்பதும் ஒரு குற்றச்சாட்டு. அதற்குள்ளே ஒரு வயதான பொம்பளையின் படுக்கையறை இருக்கிறது. அதைத் தெருவுக்கெல்லாம் பங்கு வைப்பாளா?

திங்கட்கிழமை காலை செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. கதவு சாத்திக்கொண்டது. வீடு அடங்கிப்போனது. மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“அத்தை, போர்வை கால்ல இருந்து நழுவியிருக்கு.”

தலையைத் தூக்கிப் பார்த்தாள். நழுவித்தான் இருந்தது. இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“எங்க இருக்கே?” என்று கேமராவைக் கேட்டாள்.

“பஸ் ஸ்டாப்புல.”

“என்னைப் பாத்துட்டு நிக்காதே. பஸ் வந்தா ஏறு.”

பஸ் வந்து நின்று, அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் சத்தம் கட்டில்வரை கேட்டது.